கடைசி ஐம்பது பக்கம்

புத்தகக் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆறு வருஷமாக, செவ்வாயும் வெள்ளியும் தக்கலையிலிருந்து டவுன் பஸ் ஏறி, நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் இருக்கிற அந்தக் கடையின் கண்ணாடி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். ஒருத்தர் வருவார், அட்டை அட்டையாகப் போட்டோ எடுப்பார், ஃபேன் காற்றில் வேர்வையை ஆற்றிக்கொள்வார், வீட்டுக்குப் போய் ஆன்லைனில் ஆர்டர் போடுவார். ஒரு அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்து, "இவனுக்கு வாசிப்பில ருசியும் வரணும், மார்க்கும் வரணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே புக்கா தாங்க" என்பாள். ஒரு கவிஞர் மாதம் தவறாமல் வந்து, தன் புத்தகத்தை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டு, அங்கே இருந்த இன்னொரு கவிஞரைக் கீழே இறக்கிவிட்டுப் போவார். இறங்கினவர் அடுத்த வாரம் வருவார்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. நான் வாசகி. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளை வாசித்து ஓய்வுபெற்றவள். மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, வாங்க முடியாமல் இல்லை. ஆனால் பலாப்பழத்தைக்கூட ஒரு சுளை தின்று பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. நான் முழுப் பழத்தையும் தின்று பார்ப்பேன், அதுதான் வித்தியாசம். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். கடையில் காற்று இலவசம், கதையும் இலவசம். கடைக்காரர் நல்ல மனுஷர். சிரிப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்கு நான் வாசிக்கிறது தெரியாது, சும்மா புரட்டுகிறேன் என்று நினைக்கிறார் என்பது என் கணக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு நாவல் பிடித்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூறு பக்கம், விலை அறுநூற்றைம்பது. கடையில் இருந்ததே ஒரு பிரதிதான். அதை எவனாவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? யோசித்தேன். ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது அதைக் கவிதை அலமாரியின் பின்வரிசையில் செருகிவிட்டு வருவேன். கவிதை அலமாரிக்கு வாங்குகிறவர் வருவதில்லை. கவிஞர்கள்தான் வருவார்கள், அவர்கள் முன்வரிசையைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டார்கள். இதைவிடப் பத்திரமான இடம் ஊரில் எந்த பேங்க் லாக்கரிலும் கிடையாது.

மூன்று மாதத்தில் ஐந்நூற்று நாற்பதாவது பக்கம் வந்துவிட்டேன். கதாநாயகி புருஷனோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்தில் நிற்கிறாள். தூரத்தில் ரயில் சத்தம் கேட்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவளை அங்கேயே நிற்கவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய் போய்க் கவிதை அலமாரிக்குள் கையை விட்டால், புத்தகம் இல்லை.

"இங்க இருந்த புத்தகம் எங்க?" என்று கேட்டேன்.

"வித்தாச்சு அம்மா" என்றார் கடைக்காரர்.

"யாரைக் கேட்டு வித்தீரு?"

"கடையில புத்தகம் விக்கதுக்குத்தானே அம்மா வச்சிருக்கேன்?" என்றார். அது ஒரு பதில் என்று அவருக்கு நினைப்பு. பிறகு, "பத்து நாள்ல வேற காப்பி வரும், உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டா?" என்று கேட்டார். ஏற்கெனவே வாசித்து முடித்த ஐந்நூற்று நாற்பது பக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? யார் வாங்கினார்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்கினது என் மைனி.

மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. வடசேரியில் இருக்கிறாள். அண்ணன் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. ஒரே மகளையும் மூன்று வருஷத்துக்கு முன் மஸ்கட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டாள், இப்போது அந்தப் பெரிய வீட்டில் அவள் ஒருத்திதான். அந்தக் கல்யாணத்தில்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. சொந்த அத்தையான என்னை முதல் பந்திக்குக் கூப்பிட ஆளில்லை. மூன்றாம் பந்தியில் இடம் கிடைத்தபோது அடைப்பிரதமன் பாயசம் தீர்ந்திருந்தது. வெறும் இலையோடு எழுந்தவள், அந்த வீட்டுப் படி இனி ஏறுவதில்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவினேன். சொன்ன சொல்லை மூன்று வருஷம் காப்பாற்றியும் இருந்தேன்.

பதினொரு நாள் பொறுத்தேன். கறிக்கு வெங்காயம் நறுக்கும்போதும் அந்தப் பெண் ரயில் நிலையத்தில்தான் நின்றாள். ஏறினாளா, ஏறவில்லையா? கடைக்கு வேறு காப்பி வந்ததா என்று போனில் விசாரித்தேன். வந்ததாம், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி வந்திருக்கிறதாம். "பிரிச்சா வாங்கணும் அம்மா" என்று இந்தத் தடவை மறக்காமல் சொன்னார். பன்னிரண்டாம் நாள் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வடசேரியில் போய் இறங்கினேன். மானம் போனது, சந்தேகமில்லை. ஆனால் அறுநூற்றைம்பது ரூபாய் போகவில்லை.

மைனி கதவைத் திறந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள்.

"ஏட்டி, வந்தியா? எனக்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்து. சும்மா எட்டிப் பாக்கலாம்னு வந்தேன் மைனி."

"சோலி அந்தா இருக்கு" என்று மேசையைக் காட்டினாள். நாவல் அங்கே கிடந்தது. "எதிர்த்த கடையில பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் உன்னைக் கண்ணாடி வழியாப் பாத்தேன் கேட்டியா. ஒரே புத்தகம், தலை நிமிரல்ல. நீ இல்லாத ஒரு நாளு போயி, எனக்க நாத்தனா வாசிக்கிற புத்தகத்தைத் தாரும்னேன். அந்த மனுஷன் நேரா கவிதை அலமாரிக்குப் போயி, பின்னால கையை விட்டு எடுத்துத் தந்தாரு."

அப்படியானால் மூன்று மாதமாக அவருக்கு எல்லாம் தெரியும். தரை பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. "ரெண்டு நாளையில திருப்பித் தாரேன், கொண்டு போகட்டா மைனி?" என்று கேட்டேன்.

"தரமாட்டேன். கடையில இருந்துதானே வாசிச்சே? இங்கயும் இரி, இருந்து வாசி."

உட்கார்ந்தேன். மைனி ஃபேனைப் போட்டாள், டீ கொண்டு வைத்தாள், எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி நாற்பத்தொன்பது பக்கம் யோசிக்கிறாள். பிள்ளைப்பருவத்தை யோசிக்கிறாள், அம்மா கையால் தின்ற சோற்றை யோசிக்கிறாள், ரயில் நிலையத்து வேப்பமரத்தைப் பற்றி மட்டும் ஆறு பக்கம் யோசிக்கிறாள். ஐம்பதாவது பக்கத்தில் ரயில் போய்விடுகிறது. அவள் ஏறவில்லை. முற்றும்.

புத்தகத்தை மேசையில் எறிந்தேன். "சவத்தெளவு! இதுக்கா நான் மூணு மாசம் பஸ் ஏறினேன்? நீங்க வாசிச்சாச்சா மைனி?"

"எனக்கு இந்தப் பொடி எழுத்தெல்லாம் எங்க தெரியுது? கடைசிப் பக்கத்தை மட்டும் கண்ணாடி போட்டு வாசிச்சேன்."

"அப்போ ஏறல்லன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ஒரு மணிக்கூரா இங்க இருந்து கண்ணு வலிக்க வாசிக்கேனே!"

மைனி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சொல்லியிருந்தா நீ இருந்திருக்க மாட்டியே" என்றாள்.

வெட்கமாக இருந்தது. அவள் சொன்னது சரிதான். ஏறினாளா இல்லையா என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன், செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.