கழற்றக் கூடாது என்று விற்ற நீலக்கல்

நகைக்கடையில் கூட்டிப் பெருக்க வந்தவள், பேச்சுத் திறமையால் கல் பிரிவுக்கு ஏறினாள். எல்லோருக்கும் அவள் கல் அக்கா. வைரம் என்றால் உடையாத உறவு, மாணிக்கம் என்றால் துணிச்சல், நீலம் என்றால் வாக்குத் தவறாமை என்று இருபது வருடமாக மூச்சு விடாமல் ஒப்பித்து வந்தாள். வருபவர் முகம் வாடியிருந்தால் சொந்தச் சரக்கும் இரண்டு வரி சேர்ப்பாள்.

ஒரு மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. படுக்கையில் இருக்கும் ஒரு தையல்காரிக்குக் கை வீங்கி, கல் அக்கா விற்ற நீலக்கல் மோதிரம் இறுக்குகிறது, அறுக்க விடமாட்டேன் என்கிறாள், கல் அக்கா வந்து சொன்னால்தான் கேட்பாளாம்.

போனாள். விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இன்னும் விட்டா விரலே போயிடும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது, நீங்க பேசுங்க," என்றாள் நர்ஸ்.

தையல்காரி சிரித்தாள். "வாங்கக்கா. இதைக் கழட்டினா வீட்டை விட்டுப் போன மனுஷன் திரும்ப மாட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? ஒன்பது வருஷமா குளிக்கறப்போகூடக் கழட்டலை."

அந்த முகம் கல் அக்காவுக்கு நினைவில்லை. அந்த வாக்கியம் நினைவிருந்தது. எத்தனையோ பேருக்குச் சொன்னது. நீலக்கல்லைப் பற்றி அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: வைரத்துக்கு அடுத்த கடினம், லேசில் கீறல் விழாது.

அறுத்ததை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம், பலன் குறையாது என்று இன்னொரு பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விரலும் பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும். நர்ஸ் வேறு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் சும்மா சொன்னதும்மா," என்றாள் கல் அக்கா. "விக்கணுமேன்னு சொன்னது. கல்லு யாரையும் கூட்டிட்டு வராது."

"சும்மாவா?"

"ஆமா."

தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கையை நீட்டினாள். நர்ஸ் சின்னச் சக்கர ரம்பத்தால் வளையத்தை அறுத்து, விரித்து எடுத்தாள். விரலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

"மெக்கானிக் ஒருத்தர் கட்டிக்கிறேன்னு வந்து கேட்டார். நல்ல மனுஷன்," என்றாள் தையல்காரி சுவரிடம். "அந்த மோதிரத்தைக் காட்டித்தான் வேண்டாம்னு அனுப்பினேன்."

கல் அக்காவுக்குக் காது மடல் கொதித்தது. ஓடிவிடலாம் போலிருந்தது; கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"எங்க கிளம்பறீங்க? வீக்கம் வடியணும், அந்தக் கையைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிங்க," என்றாள் நர்ஸ்.

பிடித்தாள். தையல்காரி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.