விருந்தாளி திரும்பி வந்தாள்

என் பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். மூட்டையைப் பிரித்த கையோடு கறையைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்: "இது ரத்தம், பச்சைத்தண்ணியில போடு. இது மருந்து, ஊற வை." நான் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கண் தவறி நான் பார்த்ததில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது.

போன வாரம் மாடியில் துணி உலர்த்தும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அந்த விருந்தாளி திரும்பி வந்திருக்கா. ஆறு வருஷம் கழிச்சும் வீடு மறக்கல பாருங்க."

கூட நின்ற அவள் மருமகள், "அத்தைக்கு இளமை திரும்புதாம். இனிமே கண்ணாடியை விட்டு நகர மாட்டாங்க" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"எத்தனை நாளா?"

"வந்தவகிட்ட நாள் கணக்கா கேப்பாங்க? போறப்ப போறா."

டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "இதுக்குப் போய் டாக்டரா? வெக்கக்கேடு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

விருந்தாளி என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குப் பயமில்லை. பயம் எனக்குத்தான். நின்றபிறகு வரும் ரத்தத்தை உடனே சோதிக்க வேண்டும். சாதாரணக் காரணமாக இருக்கலாம், கருப்பைப் புற்றாகவும் இருக்கலாம். தாமதமாக வந்த இரண்டு பேரின் உடலை நான் துடைத்து அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் சலவைக்கூடத்துக்கே போனேன்.

"ஒரு வேலை விஷயம் கேக்கணும். ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளையோட விரிப்பு தினமும் கறையோட வருது. என்னன்னு சொல்லுவ?"

"ரத்தம்" என்றாள் பழக்கத்தில். "எத்தனை நாளா வருது?"

"அதை நீதான் சொல்லணும்."

அவள் கை நின்றது. இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருபது நாளா" என்றாள். "முதல்ல பழுப்பா இருந்துச்சு. இப்ப நல்ல சிவப்பு. நேத்து கட்டி கட்டியா." குரல் இறங்கிவிட்டது. "அக்கா, நான் செத்துப்போயிருவேனா?"

"தெரியாது. கையைக் கழுவிட்டு வா."

சீட்டு எழுதும் இடத்தில் ஓர் ஆண்தான் இருந்தார். என்ன தொந்தரவு என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையைக் கசக்கினாள்.

"ரத்தம் போகுது. நின்னு ஆறு வருஷம் ஆச்சு."

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை. மருமகள் இப்போது கேலி பேசுவதில்லை. காலையும் மாலையும், "அத்தை, ரத்தம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். அவள் பதில் சொல்லும்வரை நானும் மருமகளும் மூச்சு விடுவதில்லை.