சின்னம்மா என்றொரு வட்டம்

எழுபதுகளில் நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் நோய்க்கூறியல் பிரிவில் இருந்தேன். அறுத்தெடுத்த கட்டியை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் வேலை. சினைப்பைப் புற்றுநோய் சில குடும்பங்களில் மட்டும் தாய், மகள், அக்கா, தங்கை என்று ஏன் தொடர்கிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மரபணுவைத் திறந்து பார்க்கும் வசதி எங்களுக்கு ஏது? ஒரு நீள நோட்டும் பென்சிலும்தான். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. ஞாயிறானால் மணவாள நகர் வீட்டில் சமையலைக் கணவர் தலையில் கட்டிவிட்டு, நோட்டோடு ரயிலேறிவிடுவேன். பல வீடுகளில் என்னை ஜாதகம் எழுத வந்தவள் என்றே நினைத்தார்கள். ஒரு வீட்டில் வெற்றிலைத் தட்டே வைத்துவிட்டார்கள். அந்த ஞாயிறுகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்படிக் கிடைத்தவள்தான் அந்தப் பெண். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக் குப்பத்தில் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு, கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த போல்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவள். வளர்த்த சின்னம்மாவும் முந்தின வருடம் போய்விட்டாள். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் வந்தது சினைப்பைப் புற்றுநோய். நோட்டில் அக்கா தங்கையாக இரண்டு கறுப்பு வட்டம் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக்காரியின் சந்தோஷம் அது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வாயாவது சும்மா இருந்ததா? "உங்க அம்மா வழியில இது வருது போல இருக்கு, நீ ஜாக்கிரதையா இருக்கணும்" என்று அவளிடமே சொல்லித் தொலைத்தேன்.

பத்து நாளில் சித்தப்பா யாரையோ விட்டு எழுதிய கார்டு வந்தது. தை மாதத்துக்கு நிச்சயித்த கல்யாணத்தை அவள் வேண்டாம் என்கிறாள், தனக்குப் பிறக்கும் பெண்ணுக்கும் வந்துவிடும் என்று அழுகிறாள், சோறு இறங்கவில்லை.

என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஞாயிறு வரை பொறுக்காமல் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அவள் கம்பெனிக்குப் போயிருந்தாள். சித்தப்பா வலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பிரித்து, அவளுடைய அம்மாவுக்குக் கூடப் பிறந்த பெண்கள் இன்னும் யாராவது உண்டா என்று கேட்டேன்.

"அவங்க ஊட்ல பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான். மீதி மூணும் ஆம்பளப் புள்ளைங்க."

"அப்போ சின்னம்மா?"

"இன்னாம்மா டாக்டரம்மா நீ! நான் இவ அப்பனுக்குத் தம்பி. சின்னம்மா என் சம்சாரம். நெல்லூர்ப் பக்கத்துப் பொண்ணு, தாலி கட்டி இட்டாந்தேன். இவ அம்மாவுக்கு ஓரகத்தி. கூடப் பொறந்தவன்னு உனுக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. என் அப்பா ஒற்றைப் பிள்ளை. எனக்குச் சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை, சித்தப்பா என்றால் அவளைக் கட்டியவர். அவ்வளவு படித்தும் இன்னொரு சின்னம்மா உண்டென்று தோன்றவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அம்மா வீட்டுக்கும் நெல்லூர்க்காரர்களுக்கும் ஏதாவது உறவு உண்டா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டேன். ஒரு உறவும் இல்லையாம்.

சங்கு ஊதும் நேரத்துக்குக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். எண்ணெய்க் கையோடு வெளியே வந்தவளைப் பிடித்து நிறுத்தி, "நான் போட்ட கோடு தப்பும்மா. உங்க அம்மா வழியில அம்மாவுக்கு மட்டுந்தான் வந்திருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டு, போதும். கல்யாணத்த நிறுத்தாத" என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "இம்மாம் படிச்சிக்கினு, சித்தப்பா பொண்டாட்டின்னு தெரியலியா உங்களுக்கு?"

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து, சின்னம்மாவை அம்மாவோடு இணைத்த கோட்டை ரப்பரால் தேய்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதீங்க டாக்டரம்மா."

"ரத்த உறவு இல்லையேம்மா."

"அது உங்க நோட்டுக்கு. தல வாரி, சோறு ஊட்டி என்னை வளத்தது அவங்கதான். பத்திரிகையில பொண்ணோட அம்மான்னு அவங்க பேரத்தான் போடப் போறேன்."

போட்டாள். தை பிறப்பதற்கு முன்பே அந்தப் பத்திரிகை என் மேசைக்கு வந்துவிட்டது.