சத்தமில்லாத மோட்டார்

பேக்கரிக்கு மேலே இருந்த மாடியறையில் அக்காவும் தங்கையும் பதினோரு வருடம் பள்ளிச் சீருடை தைத்தார்கள். தெருவில் எல்லோருக்கும் மூத்தவள் 'சீருடை அக்கா'. சின்னவளுக்குத் தனியாகப் பட்டம் கிடையாது, 'சீருடை அக்கா தங்கச்சி', அவ்வளவுதான்.

பிறகு கெட்ட காலம் வந்தது. இரண்டு பள்ளிகள் ஆர்டரை நிறுத்தின. மின்கட்டணம் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏறியது. அந்த வருமானம் இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. தங்கை கடல் தாண்டி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போனாள்.

"ரெண்டே வருஷம்க்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாள்.

அக்கா பெட்டிக்குக் கயிறு கட்டுவதிலேயே கண்ணாக இருந்தாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவாள்.

மத்தியான இடைவேளையில் தங்கை போன் செய்வாள். இருபது நிமிடம். மெஷினை நிறுத்தினால் வேலை தேங்கும், ஓட்டினால் பேச்சு காதில் விழாது. "என்ன? என்ன சொன்ன?" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

ஒருநாள் பெல்ட் மாற்ற வந்த மெக்கானிக், மெஷினுக்கு அடியில் கையைக் காட்டினார். "பெடல்லேருந்து காலை எடுத்தாலும் மோட்டார் சுத்திக்கிட்டேதான் இருக்கு, பாத்தீங்களா? நீங்க நூல் கோக்கிற நேரத்துக்கும் கரண்டுக்குக் காசு கட்டறீங்க."

"அதுக்கு என்ன பண்றது?"

"சர்வோ மோட்டார்னு ஒண்ணு இருக்கு. மிதிச்சா ஓடும், விட்டா நின்னுடும்."

"விக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிளக்கில் ஒரு சின்ன மீட்டரைச் செருகினார். "ஒரு வாரம் பழசுல ஓட்டுங்க. அடுத்த வாரம் புதுசு மாட்டித் தர்றேன். மீட்டர் பொய் சொன்னா கழட்டிட்டுப் போயிடறேன்."

மீட்டர் பொய் சொல்லவில்லை. பழசு இழுத்ததில் பாதிகூடப் புது மோட்டார் இழுக்கவில்லை. அக்காவுக்கு மிச்சப்படுத்தும் ஆசை பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் எரிந்த குழல்விளக்கை அணைத்துவிட்டு, ஊசிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவு எல்இடி விளக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் போன் வந்தபோது, அதை மெஷின் பலகையிலேயே வைத்துப் பேசினாள்.

"ஏங்க்கா, மெஷினை நிறுத்திட்டியா?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. காலர் வெச்சுக்கிட்டிருக்கேன்."

"சத்தமே கேக்கலையே" என்றாள் தங்கை. "அந்த இரைச்சல் கேட்டா உன் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கும்."

அக்கா எழுந்து தங்கையின் மெஷினுக்குப் போனாள். அதில் இன்னும் பழைய மோட்டார்தான். சுவிட்சைப் போட்டு, போனை அதன் அருகே பிடித்தாள். இடைவேளை முடியும்வரை இருவரும் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருடம் திரும்பியபோது கரண்டு பில் பாதியாகியிருந்தது. விட்டுப்போன பள்ளிகளில் ஒன்று திரும்பி வந்தது. மூன்று நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள். "இப்ப ரெண்டு பேருக்கும் தாங்கும். வந்துடறியா?"

"என்னை சூப்பர்வைசரா போட்டுட்டாங்கக்கா. இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

"நல்லதுதானே" என்றாள் அக்கா. கையில் இருந்த காலர் கோணிக்கொண்டு போயிருந்தது. பிரித்துத் தைத்தாள்.

ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல், பின்தெருவிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள். தங்கையின் மெஷினுக்கும் புது மோட்டார் வந்தது.

"எதுல உக்காரட்டும்க்கா?" என்றாள் வந்தவள்.

அக்கா தன் நாற்காலியைக் காட்டினாள். தான் போய்த் தங்கையின் இடத்தில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. பெட்டிகளோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இத்தனை வருடமும் தங்கை இதைப் பார்த்துக்கொண்டுதான் தைத்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு பேருந்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. புதியவள் வெள்ளை நூல் கேட்டாள். அக்கா எழுந்து எடுத்துக் கொடுத்தாள்.