வெள்ளைக்கார அத்தை

ஜப்பான்காரன் போனபின் திரும்பி வந்த துரைமார்கள், சுதந்திரம் வரப்போகிறது என்று மறுபடியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். அப்பா பியூனாக இருந்த ஆபீசின் துரை, வீட்டைக் காலி செய்யும்போது அவரிடம் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கல்லில் வரைந்து அச்சடித்ததாம். கன்னங்கரேலென்ற இருட்டுக்குள் கண்ணை மூடிய ஒரு வெள்ளைக்காரியின் முகம். கழுத்துக்குக் கீழே எல்லாம் புகை. தோளில் ஒரு எலும்புக் கை. மரணம் வந்து அவளைக் கூப்பிடுகிறதாம், அதுதான் கலையாம். துரை விளக்கியபோது அப்பா "யெஸ் சார்" என்றிருப்பார், வேறென்ன தெரியும் அவருக்கு.

அப்பாவின் கண் தங்க முலாம் பூசிய சட்டத்தின் மேல்தான். அதில் முருகனை வைக்கப்போவதாகச் சொல்லி, காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டு ஹாலில் மாட்டினார். எங்கள் காலண்டர் முருகன் அந்தச் சட்டத்தில் பாதிக்குத்தான் வந்தார். பெரிய முருகன் கிடைக்கும்வரை அவளே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து ஊரான செங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையைத் திருவிழாவில் நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். அவரைத் தவிர யாரையும் கட்டுவதில்லை என்று எனக்குள் முடிவும் செய்தாகிவிட்டது. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மாவுக்கு எலும்புக் கை ஞாபகம் வந்தது. என் தலைக்கு வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் படத்தின் மேல் போட்டாள். கை மறைந்தது. ஆனால் மனுஷர் படத்துக்குப் பூப் போட்டால் என்ன அர்த்தம்?

மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே கேட்டார். "யாருண்ணே, தவறிப்போனவங்களா?"

"என் அக்கா," என்றார் அப்பா. அவர் கூடப் பிறந்ததில் பெண்ணே கிடையாது.

"நல்ல நெறமா இருந்திருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு?"

அப்பாவால் அவ்வளவு சீக்கிரம் ஒரு புருஷனைத் தயார் செய்ய முடியவில்லை. "கல்யாணம் ஆகாமலே போயிட்டாங்க."

"கன்னியாவா? அப்ப சேலை வச்சுப் படைக்காம இங்க கல்யாணம் பேசக்கூடாதுண்ணே. வெள்ளிக்கிழமை நானே வர்றேன்."

வந்தார், மஞ்சள் சேலையும் ரோஜா மாலையுமாக. விதவை என்று ஒதுங்கி நிற்கிற ரகம் இல்லை அவர். இல்லாத நாத்தனாருக்கு அம்மா வடை சுட்டாள், முணுமுணுத்துக்கொண்டே. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அத்தை, நீ யாராக இருந்தாலும் சரி, என் காரியத்தைக் கெடுத்துவிடாதே.

புது மாலை போடும் முன் காய்ந்த பூவை எடுப்பார்கள் என்பது எங்கள் யார் மூளைக்கும் எட்டவில்லை. அவர் எடுத்தார். எலும்புக் கை தெரிந்தது. என் கல்யாணம் போச்சு.

மாலையைப் போடாமல் கிட்டே போய்ப் பார்த்தார். "கூட இருக்கிறது யாருண்ணே?"

அடுத்த பொய்க்கு அம்மா தயாராகிவிட்டாள்.

"அண்ணன்," என்றார் அப்பா. "சண்டையப்ப ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடப் பிடிச்சிட்டுப் போனான். செத்துட்டாருன்னு சொல்லக்கூட யாரும் திரும்பி வரல. இன்னும் படைச்சதில்ல."

அந்தப் பெரியப்பா நிஜம். அவர் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். அன்று எழுந்து போகாமல், நின்ற இடத்திலேயே அழுதார். எனக்குக் கல்யாணம் மறந்துபோயிற்று.

மாப்பிள்ளையின் அம்மா அந்த எலும்புக் கைக்கு விபூதி பூசினார். "இன்னொரு எல போடுங்க," என்றார் அம்மாவிடம். பிறகு அப்பாவைக் கேட்டார், "அவருக்கு என்ன புடிக்கும்?"

"பீடி."

பீடியும் வைத்தார். "எங்க வீட்டுக்காரரும் சயாமுக்குத்தான் போனாரு. ஒரு படம்கூட இல்லண்ணே."

சீர் பேச உட்கார்ந்தபோது அவர் கேட்டது அந்தப் படத்தை மட்டும்தான். எதற்கும் தலையாட்டுகிற என் அப்பா, அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "சரி, அப்ப நான் இங்க வர்றேன்," என்றார் அவர்.

கல்யாணம் நடந்தது. ஆடி அமாவாசை தவறாமல் என் மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவார். சம்பந்திகள் இருவரும் அந்த ஒரே கைக்கு முன்னால் ஆளுக்கொரு இலை போட்டு, ஆளுக்கொருவரை நினைத்து அழுவார்கள்.