சென்றியில்லாத இறக்கம்

இங்கே சைக்கிள் ஓடுகிறவர்களில் பாதிப்பேர் எங்கேயும் போவதில்லை. கார்க் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு பார்க் வாசலுக்கு வருகிறார்கள். ஏற்றமும் இறக்கமுமான ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். பிறகு சைக்கிளைத் திரும்பவும் கூரையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கரியரில் ஒரு தேங்காய்கூட இல்லை. என் ஊரான திருகோணமலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான். கிளாஸ்கோவில் கால் வைத்துப் பத்து வருடம் தாண்டிய பிறகு, நாற்பது வயதுக்கு மேலே, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டேன்.

இவர்களுடைய சைக்கிளில் மணி இருக்காது, மீற்றர் இருக்கும். மிதிகட்டையில் பொருத்திய ஒரு சின்னக் கருவி, கால் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்பதை வாற்ஸ் கணக்கில் சொல்லும். மின்குமிழுக்குச் சொல்கிறோமே, அதே வாற்ஸ்தான். நான் நாக்குத் தள்ள ஏற்றத்தில் மிதித்தால் பழைய குண்டு பல்ப் மூன்றை எரிக்கலாம். என் மகள் ஆரணி மிதித்தால் அதற்கு மேலேயும் எரியும். கரண்ட் போனால் உன்னை மிதிக்க விட்டுவிட்டு நாங்கள் ரீவி பார்ப்போம் என்று வீட்டில் அவளைக் கேலி செய்வோம். இங்கே கரண்ட் போவதில்லை என்பது வேறு கதை.

ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளை அந்தப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியது நான்தான். என் பின்சில்லுக்கு ஒரு சாண் பின்னால் தன் முன்சில்லை வைத்து ஓடிவருவாள். முன்னுக்குப் போகிறவர் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னுக்கு வருகிறவருக்குக் களைப்புக் குறையும், அதுதான் அதன் சூட்சுமம். அப்படி ஓடும்போது பாதையைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவரின் காலைத்தான் பார்ப்பது. நான் மிதித்தால் அவளும் மிதிப்பாள், நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். வருடக்கணக்காக அப்படியே ஓடினோம். பிறகு அவள் என்னைவிட வேகமாகிவிட்டாள். கிளப்பில் சேர்ந்தாள். போன மாதம், எங்கள் பகுதி இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம் எங்கள் பார்க்கிலேயே நடக்கும் என்று அறிவித்தார்கள். கிளப்பிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். போன வருடம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அவளுக்கு அந்த இடம் தவறிப்போயிருந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள்.

கிளப்பில் பிள்ளைகளைப் பழக்குகிறவர் மொராக் என்ற பெண்மணி. மெலிந்த உடம்பு, உரத்த குரல். ஓட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் என்னையும் ஆரணியையும் கூப்பிட்டு, மீற்றர் எழுதிவைத்ததைத் திரையில் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். நீலக்கோடு வேகம், சிவப்புக்கோடு கால் பலம். பார்க்கின் உச்சியிலிருந்து நீண்ட இறக்கம் ஒன்று வரும். அதன் அடியில் ஒரு மரக்குடில். புல் வெட்டுகிறவர் தன் இயந்திரத்தை வைக்கிற இடம். குடிலைத் தாண்டியதும் அடுத்த ஏற்றம் தொடங்கிவிடும். இறக்கத்தில் சேர்த்த வேகத்தை அப்படியே கொண்டுபோனால் அந்த ஏற்றத்தில் பாதித்தூரம் மிதிக்கவே தேவையில்லை. ஆரணியின் நீலக்கோடு சரியாக அந்தக் குடிலடியில் பள்ளத்தில் விழுந்திருந்தது. ஒரு சுற்றில் மட்டும் இல்லை, எல்லாச் சுற்றிலும் அதே இடத்தில். அதற்கடுத்து, இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கச் சிவப்புக்கோடு செங்குத்தாக மேலே போயிருந்தது.

“சும்மா கிடைத்த வேகத்தை இந்த இடத்தில் எறிந்துவிடுகிறாள். பிறகு காலை உடைத்துக்கொண்டு அதையே திரும்பத் தேடுகிறாள்,” என்றார் மொராக். பிறகு ஏதோ யோசித்து, என் மீற்றரையும் வாங்கி என்னுடைய ஓட்டத்தைத் திரையில் போட்டார். அதே பள்ளம். அவளுடையதைவிட ஆழமாக, அதே குடிலடியில்.

மொராக்குக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார். அந்தப் புல் வெட்டுகிறவர் எந்நேரமும் பச்சை உடுப்போடு குடில் வாசலில் நிற்பார். நான் வேகம் குறைக்கும்போதெல்லாம் சிரித்தபடி கையை அசைப்பார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். “அவருக்காக வேகம் குறைக்கத் தேவையில்லை. சைக்கிள்காரர் அவருக்குப் பழக்கம். நீங்கள் மிகவும் மரியாதையான மனிதர், மகளையும் அப்படியே வளர்த்திருக்கிறீர்கள்,” என்றார் மொராக். நான் ‘தாங்க் யூ’ என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளை ஓடிக்கொண்டு வர மனம் வரவில்லை, உருட்டிக்கொண்டே வந்தேன்.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், ஊரில் எங்கள் வீடு உவர்மலையில் இருந்தது. நான் வேலை செய்த வலைக்கடை பட்டினத்தில், மீன் சந்தைக்குப் பக்கத்தில். காலையில் உவர்மலை இறக்கத்தில் சைக்கிளை விட்டால் துறைமுகத்துக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை உப்பவைக்கும். உள்துறைமுகத்தில் கப்பல்களும் நேவிப் படகுகளும் அசையாமல் நிற்கும். அந்த இறக்கம் முடிகிற இடத்தில் ஆமி காவல் நிற்கிற சென்றி. மண்மூட்டை, தகரக்கூரை, உள்ளே பச்சை உடுப்பு. சென்றிக்கு முன்னால் ஒரு வேப்பமரம் நின்றது. அந்த மரத்தடியில் எல்லோரும் சைக்கிளால் இறங்கிவிட வேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்ற வேண்டும். இரண்டு கையும் ஹாண்டிலில் தெரிய, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஆமிக்காரன் கை காட்டும்வரைக்கும் திரும்ப ஏறக்கூடாது. இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை, ஊர் தானாகவே பழகியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயிலுக்குப் போகிறவர்கள், வெள்ளை அங்கி போட்ட பாதர், எல்லோரும் இறங்கித்தான் நடந்தார்கள். அதற்குப் பிறகு பட்டினத்துக்குப் போகிற அந்தச் சின்ன ஏற்றம் வரும். இறக்கத்தில் வந்த வேகம் இருந்திருந்தால் அது ஒரு ஏற்றமே இல்லை. நின்ற இடத்திலிருந்து தொடங்கி மிதிக்கும்போது நெஞ்சு வலிக்கும்.

ஒரு மாரி மழை நாளில் என் சைக்கிளின் பிறேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. வேப்பமரத்தடியில் பிடித்தேன், பிடிக்கவில்லை. காலை நிலத்தில் தேய்த்துத் தேய்த்து, சென்றியைத் தாண்டி நாலைந்து பாகம் தூரம் போய்த்தான் நின்றேன். பின்னால் ஆமிக்காரன் துவக்கை இழுத்துப் பூட்டும் சத்தம் கேட்டது. அவனுக்கும் என் வயதுதான் இருக்கும். என்னைவிட அவன்தான் கூடப் பயந்திருந்தான் என்று இப்போது நினைக்கிறேன், அப்போது அது தெரியவில்லை. ரோட்டில் முழங்காலில் இருத்தி, சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். வேலைக்குப் போகிற சனம் என்னைத் தாண்டித் தாண்டிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது. எல்லோருக்கும் என்னைத் தெரியும், ஒருவரும் பார்க்கவில்லை. அவர்களுடைய நல்ல மனம் அது. பார்த்திருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். கை ஓய்ந்து, சைக்கிள் என் தோளில் விழுந்த பிறகு, ‘யன்ன’ என்றான். சிங்களத்தில் ‘போ’ என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே கையையும் காட்டினான். இதை நான் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

மொராக் கோடுகளைக் காட்டிய அடுத்த நாள் ஊரிலிருக்கும் என் நண்பன் சிவாவுக்குப் போன் எடுத்தேன். அவனும் நானும் ஒரே கடையில் வேலை செய்தவர்கள், ஒன்றாக அந்த இறக்கத்தில் வந்தவர்கள். சென்றி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“உனக்கென்ன விசரே? அதை எடுத்து எவ்வளவு காலம்! அதில இப்ப ஒரு மனிசி இளநீர் விக்கிறா,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான், “ஆனா உண்மையைச் சொல்லட்டே மச்சான், வேப்பமரத்தடியில வந்தா நான் இப்பவும் பிறேக்கைப் பிடிக்கிறனான். நான் குடிக்க வாறன் எண்டு நினைச்சு அந்த மனிசி இளநீரை வெட்டத் தொடங்கிடுவா.”

“நீ குடிப்பியோ?”

“வேற என்ன செய்யிறது, குடிக்கிறனான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகு, என் காலைப் பார்த்தே ஓடப் பழகிய ஆரணியை நினைத்தேன். சிவாவும் நானும் பட்டோம், காலில் அது இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

அன்று பின்னேரம் குசினிக்குள் அடுப்படியில் ஆரணி அழுதுகொண்டு நின்றாள்.

“நான் வேணுமெண்டு பிடிக்கேல்ல அப்பா. அந்தக் குடிலடிக்கு வர என்ர கால் தானா நிக்குது. ஏனெண்டு எனக்கே தெரியேல்ல.”

“எனக்குத் தெரியும்,” என்றேன். கதிரையை இழுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழங்காலில் இருந்ததையும் சொன்னேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“ஆமிக்காரன் போகச் சொல்லி எப்பிடிக் கை காட்டுவான்?”

காட்டினேன். கையை இடுப்பளவுக்குத் தூக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, விரலை மட்டும் இரண்டு தரம் வெளியே தட்டுவது. கோழியைக் கலைப்பதுபோல. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்ப ஓட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தக் குடிலடியில நிண்டு எனக்கு அப்பிடிக் காட்டுங்கோ.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறாய்? என்னால ஏலாது,” என்று கத்தினேன்.

“ஆரும் போகச் சொன்னாத்தான் என்ர கால் கேக்கும் போல இருக்கு அப்பா,” என்றாள்.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஏலாது என்று கத்திய நான், மனைவி தந்துவிட்ட பச்சை மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குடிலடிக்குப் போனேன். புல் வெட்டுகிறவருக்கு விடுமுறை நாள், குடில் பூட்டியிருந்தது. பிள்ளைகளைத் தனித்தனியாக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். ஒவ்வொருத்தியும் இறக்கத்தில் வந்து, என்னைத் திரும்பியும் பாராமல், அதே வேகத்தில் ஏற்றத்தில் ஏறிப்போனாள். அவர்களுக்கு அது ஒரு குடில், அவ்வளவுதான். பிறகு உச்சியில் ஆரணியின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. இறக்கத்தில் குனிந்து வந்தாள். பாதி இறக்கத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது எனக்குத் தெரிந்த பார்வை. சென்றியை நெருங்கும்போது எங்கள் எல்லோருடைய கண்ணிலும் அதுதான் இருந்தது. என் மகள் என்னை அப்படிப் பார்த்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கையை இடுப்பளவுக்குத் தூக்கினேன். விரலை இரண்டு தரம் தட்டினேன். என் வாயும் தானாக ‘யன்ன’ என்றது. அவளுடைய கால் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போன காற்று மழைக்கோட்டை இழுத்துவிட்டுப் போனது.

அவளைத்தான் எடுத்தார்கள். மொராக் அவளைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். நீலக்கோட்டில் பள்ளமே இல்லை என்று திரையை எல்லோருக்கும் காட்டினார். பிறகு என்னிடம் வந்து, “நீங்கள் கையை அசைத்து அவளை உற்சாகப்படுத்தியது எவ்வளவு அழகு,” என்றார். நான் திரும்பவும் ‘தாங்க் யூ’ சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து ஆரணிக்குப் பயிற்சி வேறு நகரத்தில், வேறு பிள்ளைகளோடு. இனி என் பின்சில்லைப் பார்த்து ஓட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மழைக்கோட்டின் பைக்குள் வைத்துக்கொண்டே நின்றேன்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் ஒரு சுற்று ஓடினேன். தூறல் நின்றிருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஆறு தெரியும், பாரம் தூக்கும் பழைய இயந்திரம் ஒன்று கரையில் நிற்கும். அதைப் பார்க்கிற நேரமெல்லாம் எங்கள் துறைமுகம்தான் எனக்கு ஞாபகம் வரும். இறக்கத்தில் சைக்கிளை விட்டேன். இன்றைக்கு நானும் நிற்பதில்லை என்று பல்லைக் கடித்தேன். குடிலடியில் கால் நின்றது. பிறேக்கைப் பிடித்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினேன். குடில் பூட்டிக் கிடந்தது, பாதையில் ஒருவரும் இல்லை. கையைத் தூக்கி எனக்கு நானே காட்டிப் பார்த்தேன். கால் கேட்கவில்லை. பிறகு சைக்கிளால் இறங்கி, இரண்டு கையும் ஹாண்டிலில் தெரிய, ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு நடந்தேன்.