கண்ணில் ஊற்றிய மோர்

திருப்பரங்குன்றத்தில் வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த எங்கள் ஊர் வண்டிக்காரர், "அண்ணே, வீராயி நேத்துப் போய்ச் சேந்துருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவிழ்த்த மாட்டை மறுபடி பூட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

எங்கள் தெருவில் யாரும் வீராயியை 'அவர்' என்று சொன்னதில்லை. இங்கே நான் சொல்லப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள்.

நிலமில்லாத கூலிக்காரர் அவர், கணவரும் இல்லை; ஒரு மகள் மட்டும். ஓடைக்கரையில் கிடந்த கட்டாந்தரையைக் கொத்தி, குடத்தில் தண்ணீர் சுமந்து மிளகாய் போட்டார். அந்த வற்றலைக் கொடுத்துத்தான் ஆண்டு முழுவதற்கும் கம்பு வாங்குவார். பறித்த பழத்தைக் குவித்து வைக்கோலால் மூடி இரண்டு நாள் புழுங்க வைப்பார். நிறம் ஒன்றுபோல ஏறும். மூன்றாம் நாள் வெயிலில் விரித்தே ஆகவேண்டும். தவறினால் அம்புட்டும் அழுகிப்போகும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம், ஓடைக்கரை ஈரமாகக் கிடந்ததால் ஊர்ப் பொதுக்களத்தில் குவித்து வைத்தார். அந்தத் தெருக்காரி மிளகாய் நம் களத்தில் காய்வதா என்று என் பெரியப்பா கொதித்தார். மூன்றாம் நாள் காலையில் தம் மகனையும் என்னையும் கம்போடு அனுப்பினார். எனக்கு இருபத்திரண்டு வயது. மீசையும் ரோஷமும் புதிது.

குவியலை உதைத்துச் சிதறடித்தோம். வீராயி மண்வெட்டியோடு ஓடிவந்தார். பெரியப்பா மகன் கம்பால் அவர் தோளில் அடித்தான். மண்வெட்டிக் காம்பால் அவர் திருப்பி அடித்ததில் அவன் மணிக்கட்டு முறிந்தது. அந்தக் களேபரத்தில் வைக்கோலில் தீப் பற்றிக்கொண்டது. மிளகாய் எரிந்த புகையைக் காற்று எங்கள் பக்கமாக அடித்தது. அவன் அலறிக்கொண்டு ஓடிவிட்டான். நான் கண் தெரியாமல், மூச்சு முட்டி, எரிகிற வைக்கோல் பக்கமே போய் விழுந்தேன்.

என் தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டவர் வீராயி. போட்ட பிறகு முதுகில் ஒரு மிதியும் மிதித்தார். "கண்ணக் கசக்காத, தொறடா" என்றார். முகத்தில் ஏதோ குளிர்ச்சியாக விழுந்தது. "மோர் மொளகாய்க்கு வச்ச மோரு. அம்புட்டும் ஒனக்கே போகுது."

எங்கள் தொழுவத்தில் சாணி அள்ளியதற்காக என் அம்மா கொடுத்து, அவர் களத்துக்குக் கொண்டுவந்திருந்த மோர் அது.

மறுநாள் ஊர்க்கூட்டம். எங்களைக் கொல்லத் தன் மிளகாய்க்குத் தானே தீ வைத்தாள் என்று பெரியப்பா சொன்னார். நெருப்பு வைத்தது யார் என்று வீராயியிடம் கேட்டபோது, "அது வச்சவுகளுக்குத் தெரியும்" என்று என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்தேன். அவரைப் புளியமரத்தில் கட்டி, புளிய விளாரால் அடித்தார்கள். தோல் பிளந்தது. அந்த ஆண்டு பாதி நாள் பட்டினி கிடந்தார்.

பல மாதம் கழித்து ஓடைக்கரையில் வழிமறித்துக் கேட்டேன், ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று.

"நாஞ் சொன்னா எவன் நம்புவான்? நீங்க சொல்லுவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன், சாமி."

'டா' என்று என்னை உயிரோடு இழுத்துப் போட்டவர் மறுபடி 'சாமி' என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றும் வீட்டில் வற்றல் வறுத்தால் என் வலது கண் நிற்காமல் வடியும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அவர் மகளோ, தீ வைத்தவள் மகள் என்ற பெயரோடு இந்த ஊரில் இருக்கிறாள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வைக்கோலில் தீப் பற்றிக்கொண்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக அப்படியேதான் சொல்லி வந்தேன். தீப்பெட்டி என் மடியில் இருந்தது. உரசியவன் நான்.